லைபீரியாவில் போர் ஏன் மூண்டது, நீதி ஏன் இன்னும் வரவில்லை?

2025 ஜூலை 9 அன்று வெள்ளை மாளிகையில் ஐந்து ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்களுக்கு விருந்து நடந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் அதிபர் ஜோசப் பொவாக்காய் பேசி முடித்ததும், இவ்வளவு அழகான ஆங்கிலத்தை எங்கே கற்றீர்கள் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அவரிடம் கேட்டார். ஆங்கிலம்தான் லைபீரியாவின் ஆட்சிமொழி. அந்த நாட்டை அமைத்தவர்களே அமெரிக்காவிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். அந்தக் கேள்வி உலகமெங்கும் செய்தியாயிற்று. சில நாள்களுக்கு முன்புதான் அதே பொவாக்காய், உள்நாட்டுப் போரில் மாண்டவர்களின் குடும்பங்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்தச் செய்தி நம்மில் பலரை எட்டவில்லை.

போர் முடிந்து 22 ஆண்டுகள் கழித்து ஏன் மன்னிப்பு? யார் செய்த குற்றத்துக்கு? இதற்கு விடை காண 200 ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். லைபீரியாவில் இரண்டு கட்டமாகப் போர் நடந்தது: 1989 முதல் 1997 வரை, பிறகு 1999 முதல் 2003 வரை. போர் தொடங்கியபோது மக்கள்தொகை 25 லட்சத்தைத் தொடவில்லை. மாண்டவர்கள் சுமார் இரண்டரை லட்சம் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இதைப் ‘பழங்குடிச் சண்டை’ என்று எழுதினார்கள். அந்தப் பெயர் எதையும் விளக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் திடீரென்று ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளக் காரணம் வேண்டும். லைபீரியாவில் அந்தக் காரணம் அரசாங்கத்தின் அமைப்பிலேயே இருந்தது. யாருடைய கையில் தலைநகர் மன்ரோவியா இருக்கிறதோ, அவருக்கே நாட்டின் வருமானம் முழுவதும். தோற்றவருக்கு எதுவுமில்லை.

விடுதலை பெற்றவர்கள் அமைத்த நாடு

1816இல் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவது அதன் வேலை. அடிமை முறையை வெறுத்தவர்களும் அதில் இருந்தார்கள். விடுதலை பெற்ற கறுப்பர்கள் அமெரிக்காவில் இருந்தால் மற்ற அடிமைகளும் விழித்துக்கொள்வார்கள் என்று அஞ்சிய பண்ணையார்களும் இருந்தார்கள். 1820இல் முதல் கப்பல் கிளம்பியது. குடியேறியவர்களின் தலைநகருக்கு அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மன்றோவின் பெயரால் மன்ரோவியா என்று பெயரிட்டார்கள்.

வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1820க்கும் 1843க்கும் இடையே வந்திறங்கியவர்கள் 4,571 பேர். 1843இல் உயிரோடு இருந்தவர்கள் 1,819 பேர் மட்டுமே. மலேரியா பெரும்பாலோரைக் கொண்டுபோனது. 1847 ஜூலை 26 அன்று அவர்கள் சுதந்திரம் அறிவித்தார்கள். முதல் அதிபர் ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். ‘விடுதலை வேட்கையே எங்களை இங்கே கொண்டுவந்தது’ என்பது நாட்டின் முத்திரை வாசகம்.

‘எங்களை’ என்ற அந்த ஒரு சொல்லில் பின்னால் வந்த சிக்கல் முழுவதும் இருக்கிறது. அந்த மண்ணில் ஏற்கெனவே பதினாறு இனக்குழுக்கள் வாழ்ந்தன. க்பெல்லே, பாஸா, க்ரூ, கியோ, மனோ, கிரான், மாண்டிங்கோ என்று பட்டியல் நீளும். வாய் மக்கள் 1830களில் தங்கள் மொழிக்குச் சொந்த எழுத்தையே உருவாக்கிக்கொண்டார்கள். இவர்களை யாரும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. முத்திரையில் இவர்களுக்கு இடமில்லை. 1904 வரை சட்டத்தின் கண்ணில் இவர்கள் குடிமக்களே அல்லர்.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். லைபீரியர்கள் இன்றும் பேச்சில் இவற்றைப் புழங்குகிறார்கள்.

1. காங்கோ: அடிமைக் கப்பல்களை நடுக்கடலில் மடக்கிய அமெரிக்கக் கடற்படை, அவற்றிலிருந்து மீட்டவர்களை லைபீரியாவில் இறக்கிவிட்டது. அவர்களில் பலர் காங்கோ ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவர்கள். நாளடைவில் குடியேறிகளின் வழிவந்த மேல்தட்டு முழுவதற்கும் இதுவே பெயராயிற்று. நூல்களில் இவர்கள் ‘அமெரிக்க-லைபீரியர்’.

2. கன்ட்ரி: உள்நாட்டு மண்ணின் மக்கள்.

காங்கோ மக்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இருந்ததில்லை. ஆனால் அவர்களுடைய ட்ரூ விக் கட்சி 1878 முதல் 1980 வரை தொடர்ந்து 102 ஆண்டுகள் ஆண்டது. 1927 தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் சுமார் 15,000 பேர். அதிபர் சார்ல்ஸ் கிங் வாங்கியதாக அறிவிக்கப்பட்ட வாக்குகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அதே கிங்கின் ஆட்சியில் உள்நாட்டு ஆண்களைப் பிடித்து, ஸ்பெயினின் ஆளுகையிலிருந்த ஃபெர்னாண்டோ போ தீவின் தோட்டங்களுக்கு அனுப்பியதை 1930இல் உலக நாடுகள் சங்கத்தின் விசாரணைக் குழு வெளிக்கொணர்ந்தது. அடிமை வாழ்விலிருந்து மீண்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஆண்ட நாட்டில் இது நடந்தது. படிக்கும்போது மனம் கனக்கிறது. கிங்கும் துணை அதிபரும் பதவி விலகினார்கள். ஆட்சிமுறை விலகவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

பிற்காலப் போரைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதிதான் திறவுகோல் என்பேன். மக்களிடம் வரி வாங்கும் அரசு, அவர்களுக்குக் கொஞ்சமாவது கணக்குச் சொல்லியாக வேண்டும். லைபீரிய அரசின் வருமானத்தில் பெரும்பகுதி மக்களிடமிருந்து வரவில்லை.

1926இல் ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனம் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை ஏக்கருக்கு ஆறு சென்ட். நிறுவனர் ஹார்வி, அவர் மனைவி ஐடாபெல் ஆகிய இருவர் பெயரையும் இணைத்து ஹார்பெல் என்ற ஊரே எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாட்டின் வடக்கே உள்ள நிம்பா மலைகளின் இரும்புத் தாது சேர்ந்துகொண்டது.

மூன்றாவது வருமானம் கப்பல் கொடி. எந்த நாட்டு முதலாளியின் கப்பலாக இருந்தாலும் கட்டணம் கட்டினால் லைபீரியாவில் பதிவு செய்துகொள்ளலாம். 1940களின் இறுதியில் தொடங்கிய இந்தப் பதிவேட்டை இன்றும் அமெரிக்காவிலிருந்துதான் நடத்துகிறார்கள். தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ வரும் சரக்குக் கப்பல்களின் பின்புறத்தில் ‘மன்ரோவியா’ என்று எழுதியிருப்பதன் காரணம் இதுவே. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கி, பிளாஸ்டிக் துகள்களைக் கன்னியாகுமரிக் கரைவரை தள்ளிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலும் லைபீரியக் கொடி ஏற்றியதுதான்.

ரப்பர், இரும்பு, கொடி மூன்றுக்கும் கையெழுத்திடும் பேனா அதிபர் மாளிகையில் இருந்தது. அந்த மாளிகையில் யார் உட்கார்ந்தாலும் பணம் தானே வரும். அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் கிடையாது. 1944 முதல் 1971 வரை அதிபராக இருந்த வில்லியம் டப்மன் உள்நாட்டு மக்களுக்கு வாக்குரிமையை விரித்தார், பள்ளிகள் கட்டினார். ஆனால் பேனாவை யாரிடமும் கொடுக்கவில்லை.

ஓர் அரிசி மூட்டை

லைபீரியர்களுக்கு அரிசி என்றால் என்னவென்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற எதைச் சாப்பிட்டாலும் சோறு உண்ணாத நாள் சாப்பிடாத நாளே என்று கருதுகிறவர்கள் அவர்கள். 1979இல் அதிபர் வில்லியம் டோல்பர்ட்டின் அரசு, 100 பவுண்டு அரிசி மூட்டையின் விலையை 22 டாலரிலிருந்து உயர்த்தத் திட்டமிட்டது. உள்ளூர் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றது அரசு. அதிபரின் உறவினர்களுக்கே அரிசித் தொழிலில் பங்கு இருக்கிறது என்றார்கள் மக்கள்.

ஏப்ரல் 14 அன்று மன்ரோவியாவில் ஊர்வலம் கிளம்பியது. போலீஸ் சுட்டது, குறைந்தது 40 பேர் மாண்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. படைவீரர்களில் பலர் உள்நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள். தங்கள் தாய்மார்கள் நின்ற கூட்டத்தை நோக்கித் துப்பாக்கியைத் திருப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. டோல்பர்ட் அண்டை நாடான கினியாவிடம் படை கேட்டு வாங்கினார். தன் படையை நம்ப முடியாத அதிபர் என்பது அன்றே ஊரறிந்த செய்தியாயிற்று. ஓராண்டுதான் தாங்கினார்.

1980 ஏப்ரல் 12 அதிகாலை, மாஸ்டர் சார்ஜென்ட் சாமுவேல் டோவும் பதினாறு பதினேழு வீரர்களும் மாளிகைக்குள் புகுந்து டோல்பர்ட்டைக் கொன்றார்கள். பத்து நாள் கழித்துப் பழைய ஆட்சியின் 13 பெரிய அதிகாரிகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். நடப்பட்டிருந்த கம்பங்கள் ஒன்பது. ஆகவே நான்கு பேர், மற்ற ஒன்பது பேர் சுடப்படுவதைப் பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். செய்தியாளர்கள் படம் எடுத்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. 102 ஆண்டுக் கோபம் அது என்பது புரிகிறது. என்றாலும் பின்னால் வந்தவர்கள் அரசியல் கற்ற முதல் பாடம் அந்தக் கடற்கரையில்தான் நடந்தது.

இனப்பகை எப்படி உருவாக்கப்பட்டது?

டோ மண்ணின் மக்களிலிருந்து வந்த முதல் ஆட்சித் தலைவர். அவர் கிரான் இனத்தவர்; அது நாட்டின் சிறிய குழுக்களில் ஒன்று. தோழர்கள் ஒவ்வொருவராக விலகவோ கொல்லப்படவோ, பாதுகாப்புப் படையின் முக்கிய இடங்களைத் தன் இனத்தவரைக் கொண்டு நிரப்பினார். பனிப்போர்க் காலத்தில் அவர் வாஷிங்டனின் நண்பர். 1980களில் அமெரிக்க உதவி சுமார் 50 கோடி டாலர் வந்தது.

1985 அக்டோபரில் தேர்தல். நிம்பா பகுதியைச் சேர்ந்த ஜாக்சன் டோ (உறவினர் அல்லர்) வென்றார் என்பதே பரவலான கருத்து. வாக்குச் சீட்டுகளை அரசு அமர்த்திய குழு எண்ணி, சாமுவேல் டோவுக்கு 50.9 விழுக்காடு என்று அறிவித்தது. அடுத்த மாதம் 12ஆம் தேதி, டோவின் பழைய தோழரும் நிம்பாவின் கியோ இனத்தவருமான தாமஸ் க்விவோன்க்பா ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றார். அவரைக் கொன்றதோடு நிற்கவில்லை. டோவின் படை நிம்பாவுக்குள் போய் கியோ, மனோ மக்களை ஊர் ஊராகக் கொன்றது.

பழங்குடிச் சண்டை என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அதுவரை கிரானும் கியோவும் பரம்பரைப் பகைவர்களாக இருந்ததில்லை. திருடப்பட்ட ஒரு தேர்தலும், அதைக் காக்க அனுப்பப்பட்ட ஒரு படையும் அந்தப் பகையை உண்டாக்கின. நான்கு ஆண்டு கழித்து ஒருவர் வந்து அதை அறுவடை செய்தார்.

முதல் போர்

அவர் சார்ல்ஸ் டெய்லர். டோ ஆட்சியில் அரசுக் கொள்முதல் துறையின் தலைவராக இருந்து, சுமார் 9 லட்சம் டாலர் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு அமெரிக்காவுக்கு ஓடியவர். 1985இல் மாசசூசெட்ஸ் சிறையிலிருந்து தப்பினார். கடாஃபியின் லிபியாவில் அவருடைய ஆட்கள் பயிற்சி பெற்றார்கள். புர்கினா ஃபாசோவின் அதிபர் கம்பாவோரே துணை நின்றார். ஐவரி கோஸ்ட் அதிபர் ஹூபுவே-புவானியின் வளர்ப்பு மகளை மணந்திருந்த டோல்பர்ட்டின் மகனை டோ ஆட்சி கொன்றிருந்தது. ஆகவே அந்த வீட்டுக் கதவும் டெய்லருக்குத் திறந்தது.

1989 டிசம்பர் 24 அன்று நூற்றுச் சொச்சம் பேருடன் டெய்லரின் தேசபக்த முன்னணி நிம்பாவுக்குள் நுழைந்தது. டோவின் படை மறுபடி ஊர்களை எரித்தது. எரிந்த ஊர்களின் இளைஞர்கள் தாமாகவே டெய்லரிடம் போய்ச் சேர்ந்தார்கள். சாலைகளில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. ‘உன் மொழியில் பேசு’ என்பார்கள். டெய்லரின் சாவடியில் கிரானோ மாண்டிங்கோவோ வாயில் வந்தால் உயிர் போகும்; டோவின் சாவடியில் கியோவோ மனோவோ வந்தால் உயிர் போகும். தாய்மொழியை மறைத்து அண்டை வீட்டாரின் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள்.

1990 ஜூலை 29 இரவு, மன்ரோவியாவின் புனித பேதுரு லூத்தரன் தேவாலயத்தில் செஞ்சிலுவைக் கொடியின் கீழ் தஞ்சம் புகுந்திருந்த மக்களை அரசுப் படையினர் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். சுமார் 600 பேர். பெரும்பாலோர் கியோ, மனோ குடும்பங்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம்.

ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு, நைஜீரியா தலைமையில் எக்கோமாக் என்ற படையை இறக்கியது. அடுத்த மாதமே, அந்தப் படையின் துறைமுகத் தலைமையகத்துக்கு வந்த டோவை, டெய்லரிடமிருந்து பிரிந்த பிரின்ஸ் ஜான்சனின் ஆட்கள் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ஜான்சன் பீர் குடித்தபடி அமர்ந்திருக்க, டோவின் காது அறுபடும் வீடியோ நாடா மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் சுற்றியது. இந்த ஜான்சனை நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு ஒரு நாட்டில் இரண்டு ஆட்சிகள். மன்ரோவியாவில் எக்கோமாக் காவலில் இடைக்கால அரசு. க்பார்ங்கா ஊரில் டெய்லர். மன்ரோவியாவில் 1992க்குப் பின் புதிய பண நோட்டு. டெய்லரின் பகுதியில் பழைய நோட்டு. டெய்லர் மரம் விற்றார், ரப்பர் விற்றார். ஃபயர்ஸ்டோன் நிறுவனமும் 1992இல் அவருடைய நிர்வாகத்துடன் உடன்பாடு செய்து வரி கட்டியது. அண்டை நாடான சியரா லியோனில் 1991இல் கிளர்ச்சி தொடங்கிய புரட்சிகர ஐக்கிய முன்னணிக்கு டெய்லர் துணை நின்றார். அங்கிருந்து வைரம் வந்தது. போர் அவருக்குச் செலவு வைக்கவில்லை, வருமானம் கொடுத்தது. மற்றவர்களும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரானும் மாண்டிங்கோவும் சேர்ந்து அமைத்த எதிர்ப் படை ஒன்று விரைவிலேயே இன வழியில் இரண்டாக உடைந்தது. இன்னும் பல குழுக்கள் முளைத்தன.

உடன்படிக்கைகள் ஏன் உடைந்தன?

ஒரு டஜனுக்கும் மேற்பட்ட உடன்படிக்கைகள் கையெழுத்தாகி முறிந்தன. கொடானு, அக்ரா, அபுஜா என்று ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உள்ளே இருந்த கணக்கு ஒன்றே:

1. துப்பாக்கி வைத்திருப்பவருக்கே பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி.

2. நாற்காலி கிடைத்தவருக்கு அமைச்சகம், துறைமுகம், பொதுநிறுவனம் என்று பங்கு.

3. பங்கு கிடைக்காதவர் புதிதாக ஒரு குழுவைத் தொடங்கினால், அடுத்த பேச்சில் அவருக்கும் இடம்.

1995 அபுஜா உடன்படிக்கை டெய்லர் உள்ளிட்ட குழுத் தலைவர்களையே ஆட்சிக் குழுவில் உட்கார வைத்தது. 1996 ஏப்ரலில் அவர்களே தலைநகருக்குள் ஒருவரோடொருவர் மோதி நகரைச் சூறையாடினார்கள்.

1997 ஜூலைத் தேர்தலில் டெய்லர் 75 விழுக்காடு வாக்கு பெற்றார். ‘என் அம்மாவைக் கொன்றான், அப்பாவைக் கொன்றான், அவனுக்கே என் ஓட்டு’ என்று அவருடைய ஆதரவாளர்கள் தெருவில் பாடினார்கள். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. டெய்லர் தோற்றால் மறுபடி காட்டுக்குப் போவார் என்று மக்களுக்குத் தெரியும். சாக வேண்டாம் என்று போட்ட ஓட்டு அது.

இரண்டாம் போர், மீன் சந்தைப் பெண்கள்

அதிபரான பிறகும் டெய்லர் மாறவில்லை. 1999இல் கினியாப் பக்கமிருந்து ஒரு படையும், 2003இல் ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து இன்னொன்றும் நுழைந்தன. 2003 நடுப்பகுதியில் மன்ரோவியா முற்றுகையில் சிக்கியது. வீடு வாசலில் பீரங்கிக் குண்டு விழுந்தது. குடிநீரும் அரிசியும் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டில் தலைநகரின் மீன் சந்தையருகே ஒரு திடலில் பெண்கள் வெள்ளைச் சட்டை அணிந்து நாள்தோறும் வந்து அமர்ந்தார்கள். கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக, வெயிலிலும் மழையிலும். லெய்மா குபோவி அவர்களை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர். கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை இழுபட்டபோது, பெண்கள் அங்கேயே போய், மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, முடிவு காணாமல் யாரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள்.

இதற்கிடையே ஜூன் 4 அன்று, சியரா லியோனின் போர்க் குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று அவர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். 18ஆம் தேதி அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போர் நின்றது, ஆனால் பழைய கணக்கு அப்படியே இருந்தது. டெய்லரின் பழைய அரசுக்கும் இரண்டு கிளர்ச்சிப் படைகளுக்கும் தலா ஐந்து அமைச்சகங்கள். ஐ.நா. படையிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போராளிகள் என்று பதிவு செய்துகொண்டார்கள். ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்கள் சுமார் 28,000தான். இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீஸ் படைப் பெண்கள் 2007இல் மன்ரோவியா போய் இறங்கியது இந்த ஐ.நா. பணிக்காகவே. ஐ.நா. வரலாற்றில் பெண்களே நிரம்பிய முதல் போலீஸ் பிரிவு அது.

2005 தேர்தலில் கால்பந்து வீரர் ஜார்ஜ் வியாவை வென்று எல்லன் ஜான்சன் சர்லீஃப் அதிபரானார். ஆப்பிரிக்காவில் தேர்தல் வழியாக அதிபரான முதல் பெண். 2011இல் அவரும் குபோவியும் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நீதி எங்கே நிற்கிறது?

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2009இல் அறிக்கை தந்தது. குழுத் தலைவர்களை விசாரிக்க நீதிமன்றம் வேண்டும் என்றது. டெய்லருக்குத் தொடக்கத்தில் ஆதரவு தந்ததற்காக சர்லீஃப் உள்ளிட்டோருக்கு 30 ஆண்டு பதவித் தடையும் பரிந்துரைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. நீதிமன்றம் அமைக்கும் பரிந்துரை அலமாரியில் தங்கியது.

காரணத்தை ஊகிக்கத் தேவையில்லை. நினைவில் வைக்கச் சொன்ன பிரின்ஸ் ஜான்சன் 2005இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2024இல் இறக்கும்வரை நிம்பாவின் செனட்டர். 1985இல் டோவின் படையால் சிதைக்கப்பட்ட நிம்பா மக்களில் பலருக்கு அவர் தங்களைக் காத்தவர். அந்த வாக்குகள் இல்லாமல் அதிபராவது கடினம். 2017இல் வியா அவருடைய ஆதரவோடு வென்றார். 2023இல் பொவாக்காயும் அப்படியே வென்றார், 50.64 விழுக்காடு வாக்குகளோடு. டெய்லரின் முன்னாள் மனைவி வியாவின் துணை அதிபராக இருந்தார்.

டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பிரிட்டனில் அதை அனுபவிக்கிறார். ஆனால் அந்தத் தீர்ப்பு சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்கு மட்டுமே. லைபீரியர்களுக்கு அவர் செய்ததற்கு எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. லைபீரியப் போர்க் குற்றங்களை வெளிநாடுகள்தான் விசாரித்தன: சுவிட்சர்லாந்தும் பிரான்சும் முன்னாள் தளபதிகளைத் தண்டித்தன, பின்லாந்து நீதிமன்றம் 2021இல் லைபீரியாவுக்கே வந்து சாட்சிகளைக் கேட்டது.

2024 மே மாதம், போர் மற்றும் பொருளாதாரக் குற்ற நீதிமன்றத்தை அமைப்பதற்கான அலுவலகத்தை ஏற்படுத்தி பொவாக்காய் ஆணையில் கையெழுத்திட்டார். 2025 ஜூன் மாதம் டோவுக்கு அவருடைய சொந்த ஊர்ப் பகுதியில் அரசு மரியாதையுடன் அடக்கச் சடங்கு நடந்தது. ஜூலையில் டோல்பர்ட்டுக்கும் கடற்கரையில் சுடப்பட்ட 13 பேருக்கும் நினைவுச் சடங்கு. மன்னிப்பு அதைத் தொடர்ந்து வந்தது. கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் ஒரே அரசு, ஒரே வாரத்தில் மரியாதை செய்தது. இரு தரப்புக் குடும்பங்களுக்கும் கல்லறை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. லூத்தரன் தேவாலயத்தில் மாண்ட 600 பேரின் குடும்பங்கள் கேட்பது விசாரணை.

அந்த வழக்கின் நிலை இதுதான். உயிர்பிழைத்த நான்கு பேர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், அப்போதைய படைப்பிரிவுத் தளபதி மீது வழக்குத் தொடுத்தார்கள். 2021இல் அவரே பொறுப்பு என்று நீதிபதி தீர்ப்பளித்தார், 2022இல் 8.4 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. தளபதி அதற்கு முன்பே லைபீரியா திரும்பிவிட்டிருந்தார்.